கேட்காமல் வந்த விதைகள்

2020 ஜூலை மாதக் கடைசியில் அமெரிக்க மாநிலங்களின் வேளாண் அலுவலகங்களில் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. அழைத்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். தபாலில் சின்ன உறை ஒன்று வந்திருக்கிறது. மேலே சீன எழுத்துகள். உள்ளே இருப்பது காதணி, மோதிரம், பொம்மை என்கிறது ஒட்டியிருக்கும் சீட்டு. பிரித்தால் பிளாஸ்டிக் பைக்குள் ஏதோ விதை. நாங்கள் கேட்டு வாங்கவில்லை, இதை என்ன செய்வது? யூட்டா, வர்ஜீனியா, வாஷிங்டன் என்று கிளம்பிய செய்தி சில நாட்களிலேயே 50 மாநிலங்களுக்கும் பரவியது. கனடாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் இதே புகார் வந்தது.

கொரோனா பயத்தில் மக்கள் வீடடங்கிக் கிடந்த கோடை அது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே கசப்பு முற்றியிருந்தது. இந்த நேரத்தில் சீனாவிலிருந்து பெயர் தெரியாத விதை என்றால், பயிரை அழிக்க அனுப்பிய ஆயுதமோ என்று மக்கள் கலங்கியதில் வியப்பில்லை. உறைகளில் இருந்த முகவரிச் சீட்டுகள் போலியானவை என்றது சீன வெளியுறவுத் துறை.

விதைகளைச் சேகரித்த அமெரிக்க வேளாண் துறை, முதல் சுற்றில் 14 வகைகளை அடையாளம் கண்டது. கடுகு, முட்டைக்கோஸ், புதினா, ரோஸ்மேரி, லாவெண்டர், செம்பருத்தி, ரோஜா என்று பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துச் செடிகள். பிறகு வந்த பொட்டலங்களில் இரண்டு தடை செய்யப்பட்ட தாவரங்களும் இருந்தன. ஒன்று கஸ்குட்டா: பிற செடிகளைச் சுற்றிப் படர்ந்து அவற்றின் சாற்றை உறிஞ்சியே பிழைக்கும் ஒட்டுண்ணிக் கொடி. இன்னொன்று நமக்கு நன்றாகத் தெரிந்த வள்ளைக்கீரை. இலங்கையில் கங்குன் என்று விரும்பிச் சாப்பிடும் அதே கீரைதான். புளோரிடாவின் கால்வாய்களில் இது அடர்ந்து பரவி நீரோட்டத்தை அடைத்துவிடுவதால், அமெரிக்க மத்திய அரசின் களைப் பட்டியலில் இருக்கிறது.

விதையை நகை என்று எழுதி அனுப்பியதற்குக் காரணம் எளிது. விதை என்று எழுதினால், நோயும் பூச்சியும் இல்லை என்று உறுதி சொல்லும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கெடுபிடியின் அவசியம் அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. 1876-ல் பிலடெல்பியா கண்காட்சிக்கு அழகுக் கொடியாக ஜப்பானிலிருந்து வந்த குட்ஸுவைப் பின்னாளில் மண்ணரிப்பைத் தடுக்க அரசே ஊக்குவித்து நட்டது. அது தென்மாநிலங்களின் மரங்களையும் கைவிடப்பட்ட வீடுகளையும் போர்த்தி மூடிக்கொண்டது. இன்றுவரை அவர்களால் ஒழிக்க முடியவில்லை. அதனால்தான் அதிகாரிகள் ‘நடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், உறையோடு எங்களிடம் சேருங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆர்கன்சாஸில் ஒருவர் அதற்குள் விதைத்து, உரமும் போட்டுவிட்டார். பூசணி இனம் போல ஏதோ ஒன்று ஆரஞ்சு நிறப் பூக்களோடு மளமளவென்று வளர்ந்து நின்றது.

சரி, காசில்லாமல் யார், எதற்காக அனுப்ப வேண்டும்? வேளாண் துறை சொன்ன விடை ‘பிரஷிங்’. இணையக் கடைத்தெருவில் நடக்கும் ஒரு பழைய மோசடி இது.

இணையக் கடைகளில் ஒரே பொருளை நூற்றுக்கணக்கானவர்கள் விற்கிறார்கள். தேடும்போது யாருடைய பொருள் முதல் பக்கத்தில் தெரியும் என்பதை, எத்தனை விற்றிருக்கிறது, எத்தனை நட்சத்திரம் கிடைத்திருக்கிறது என்பவைதான் பெருமளவு முடிவு செய்கின்றன. புதிதாகக் கடை போட்டவரிடம் இரண்டும் இல்லை. தன் பொருளைத் தானே வாங்கிப் பாராட்டு எழுதிக்கொள்ளலாம். ஆனால் பொருள் உண்மையிலேயே ஒரு வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தளங்கள் சரிபார்க்கின்றன. எனவே அவருக்கு ஒரு நிஜப் பெயர், நிஜ முகவரி, ‘சேர்ந்தது’ என்று பதிவாகும் ஒரு கூரியர் எண் வேண்டும். எங்கிருந்தோ கசிந்த பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்து, அந்தப் பெயரில் கணக்குத் தொடங்கி, தன் பொருளுக்குத் தானே பணம் கட்டுகிறார். விலையுயர்ந்த பொருளை அனுப்பினால் நஷ்டம். கனமில்லாத ஏதோ ஒன்றை உறையில் போட்டு அனுப்பினால் போதும். உறை சேர்ந்த மறுநாள், வாங்காத ஒருவர் பெயரில், ‘வாங்கியது உறுதி’ என்ற முத்திரையோடு ஐந்து நட்சத்திரப் பாராட்டு ஏறிவிடும்.

அனுப்பும் செலவும் பல காலம் மிகக் குறைவாகவே இருந்தது. வளரும் நாடுகளிலிருந்து வரும் சிறு பொட்டலங்களை வளர்ந்த நாடுகள் குறைந்த கட்டணத்தில் வீடு சேர்க்க வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் பழைய ஏற்பாடு. அதில் அதிகம் பயனடைந்தது சீனா. ஒன்றியத்தை விட்டே விலகுவோம் என்று 2018-ல் அமெரிக்கா மிரட்டிய பிறகு, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடி விதியை மாற்றினார்கள்.

விதைகளின் கதை இத்தோடு முடியவில்லை. கிறிஸ் ஹீத் என்ற பத்திரிகையாளர், உறை வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 2021 ஜூலையில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதினார். பழைய ஆர்டர் பட்டியலைப் புரட்டச் சொன்னபோது, அவர்களில் பலர் கொரோனா வசந்தத்தில் தாங்களே இணையத்தில் விதை வாங்கியிருந்தது தெரிந்தது. உள்ளூர்க் கடையில் வாங்குவதாக நினைத்திருந்தார்கள். விற்றவர் கடல்தாண்டி இருந்தார். தபால் தடைப்பட்டு, உறை வந்து சேர மாதங்கள் ஆயின. அதற்குள் ஆர்டர் கொடுத்ததே மறந்துபோயிற்று. எல்லா உறைகளுக்கும் இது விளக்கமாகாது. ஆனாலும் அந்தக் கோடையின் பீதியில் ஒரு பகுதி மறதியும் தாமதமும் சேர்ந்து உண்டாக்கியது என்பதை மறுக்க முடியாது. பொய் சொன்னார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு இரவெல்லாம் எதை எதையோ வாங்கிய மாதங்கள் அவை.

அதற்காக பிரஷிங் கற்பனை ஆகிவிடாது. விதைகளுக்கு முன்பே, 2017 இலையுதிர்காலத்திலிருந்து மாசசூசெட்ஸின் ஆக்டன் ஊரில் ஒரு தம்பதிக்கு, கேட்காத பொட்டலங்கள் மாதக்கணக்கில் வந்தன. அவர்களுக்குப் பணநஷ்டம் ஒன்றுமில்லை. பிரிட்டனில் 1971-லும் அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டிலும் வந்த சட்டங்களின்படி, கேட்காமல் வந்த பொருளை வைத்துக்கொள்ளலாம். பணம் தர வேண்டியதில்லை.

இந்தச் சலுகையே பலரை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். இலவசமாக வந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் உங்கள் பெயரில் ஏறிய அந்த ஐந்து நட்சத்திரத்தை நம்பி, எங்கோ ஒரு தாய் குழந்தைக்கான கார் இருக்கையை வாங்குகிறாள். ஒரு முதியவர் மூட்டுவலி மாத்திரை வாங்குகிறார். தீப்பற்றும் சார்ஜரும் இப்படித்தான் முதல் பக்கத்துக்கு வருகிறது. நஷ்டப்படுபவர் உங்களுக்குத் தெரியாத இன்னொருவர். இதைத் தடுக்கச் சட்டங்கள் வந்திருக்கின்றன. சீனாவின் மின்வணிகச் சட்டம் 2019 ஜனவரி முதல் போலி விற்பனையையும் போலி விமர்சனத்தையும் தடை செய்கிறது. போலி விமர்சனங்களைத் தடுக்கும் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டது.

மோசடியும் மாறிக்கொண்டே இருக்கிறது. அனுப்பியது யார் என்று அறிய ஸ்கேன் செய்யுங்கள் என்ற க்யூஆர் குறியோடு பொட்டலங்கள் வருவதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் எச்சரித்தது. ஸ்கேன் செய்தால் போலித் தளம் திறந்து வங்கி விவரம் கேட்கும். ஆர்டர் கொடுக்காத பார்சலைக் காட்டி, வந்ததும் பணம் என்று வாசலில் வசூலிப்பது நம் ஊர்ப் பக்கம் நடக்கும் தந்திரம். வீட்டில் யாராவது வாங்கியிருப்பார்கள் என்று தாத்தா பாட்டி கொடுத்துவிடுகிறார்கள். கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்ல அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பார்சலை ரத்து செய்ய ஓடிபி கேட்டால் தரவே கூடாது. பணம் போயிருந்தால் உடனே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

கேட்காத பொட்டலம் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வீட்டாரின் ஆர்டர் பட்டியலையெல்லாம் பாருங்கள். யாரும் வாங்கவில்லை என்று உறுதியானால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, உறை மேலுள்ள எண்ணோடு அந்த இணையக் கடையில் புகார் கொடுங்கள். என் பெயரில் யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள், அதை மூடி அதிலுள்ள விமர்சனங்களை நீக்குங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.