ஆழத்தை அஞ்சுவோர்க்கு

கொல்கத்தாவில் குடியேறிய நம்மவருள் பலர், காலேஜ் ஸ்கொயர் குளத்தில் வங்கச் சிறுவர் நீந்துவதைக் கரையில் நின்றே காண்கிறோம். நம் மக்களையும் நீரினின்று விலக்குகிறோம். கால் தரையைத் தொடாவிடில் மூழ்குவோம் என்பதே நம் அச்சம். அது கோழைமையன்று; உயிர் காக்கும் இயல்பே.

ஆயினும், மார்பளவு நீரில் மிதக்கும் உடல் 20 அடி நீரிலும் அவ்வாறே மிதக்கும். மூச்சு நிறைந்த உடலை நீர் பெரும்பாலும் தாங்கும். அஞ்சித் தலையை உயர்த்தினால் கால்கள் அமிழும்.

ஆதலின், பயிற்சியாளர் அருகிருக்க, முதலில் இடுப்பளவு நீரில் முகம் அமிழ்த்தி மூச்சை மெல்ல விடப் பழகுவோம். பின்னர் மல்லாந்து மிதப்போம். அதன் பின்னரே ஆழம் செல்வோம். குழந்தையை நீரில் தள்ளி அச்சம் போக்க முயலல் தகாது, அச்சமே வேரூன்றும். அச்சம் அகன்றபின்னும் எச்சரிக்கை அகலாதிருக்கட்டும்.