பின்னே ஒரு கண்

மோதி பாக்கில் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு அதிகாலையில் இட்லி மாவும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கொண்டுவரும் அன்பர் ஒருவர் உண்டு. அவருடைய பிக்கப் வண்டி 2013-ஆம் ஆண்டில் பதிவானது, சி.என்.ஜி.யில் ஓடுவது. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை அவர் வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது, உருண்டோடிய பந்தைத் தேடி வந்த நான்கு வயதுக் குழந்தையொன்று வண்டியின் பின்னே குனிந்திருந்தது. மாடியிலிருந்து பாட்டியம்மாள் ஒருவர் கூக்குரலிட்டார்; வண்டி நின்றது. இடைவெளி ஒரு முழமே. அன்று மற்ற வீடுகளுக்கு மாவு போய்ச் சேரவில்லை. அன்பரின் கை நடுக்கம் அடங்கவே வெகுநேரமாயிற்று.

அவர் அசட்டையானவர் அல்லர். இருபுறக் கண்ணாடிகளையும் பார்த்தே வண்டியை எடுத்தார். ஆயினும் சரக்குப் பெட்டிக்கு நேர் பின்னுள்ள தரை எந்தக் கண்ணாடியிலும் தெரிவதில்லை. நின்றிருக்கும் குழந்தையே அங்கு மறைந்துபோகும். குனிந்த குழந்தையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அப்போது ஷண்டிங் வேலையே நினைவுக்கு வந்தது. இஞ்சின் பெட்டிகளைத் தள்ளிச் செல்லும்போது டிரைவருக்கு வழி தெரியாது. ஆகவே ஓர் ஊழியர் கொடியோ விளக்கோ காட்டி வழிநடத்துவார். தனி அனுமதியின்றி வேகமும் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. தெருவில் செல்லும் வண்டிக்குக் கொடிகாட்ட யார் இருக்கிறார்கள்?

2022 மார்ச்சில் சென்னைப் பள்ளி ஒன்றின் வளாகத்தில், பின்னோக்கி வந்த வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டே தமிழக அரசு தன் விதிகளைத் திருத்தி, பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும், பின்புறம் எச்சரிக்கை சென்சாரும் வேண்டுமென்றது. அமெரிக்காவிலும் இத்தகைய துயரமே சட்டமாயிற்று. 2002-இல் தந்தையே பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி மாண்ட இரண்டு வயதுக் குழந்தையின் பெயரால் 2008-இல் சட்டம் இயற்றினர். அதன் பயனாக, 2018 மே முதல் அங்கு உற்பத்தியாகும் கார், பிக்கப் அனைத்திலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. நம் நாட்டிலோ, 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குப் பின்புறச் சென்சார் கட்டாயம். பழைய பிக்கப் வைத்திருப்போர் தாமே முயன்று பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே ஒரு விடுமுறை நாளில் அன்பருடன் கரோல் பாக் கடைவீதிக்குச் சென்றோம். அங்கு நாம் கற்றவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலில் வண்டியின் மின்சாரம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று அறிந்து, அதற்கேற்ற கேமராவையே கேட்க வேண்டும். பிக்கப்புகள் பெரும்பாலும் 12; பெரிய லாரிகள் 24. இரண்டாவதாக, டில்லியின் புழுதிக்கும் மழைக்கும் ஈடுகொடுக்க ஐ.பி. 67 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புக் குறி இருத்தல் நலம். மூன்றாவதாக, கம்பியில்லாக் கேமராவைப் பொருத்துவது எளிதெனினும் படம் இடையிடையே கலங்கக்கூடும். நாம் கம்பியுள்ளதையே தேர்ந்தோம். திரை, உள் கண்ணாடியின் மேல் மாட்டும் வகையாயின் டாஷ்போர்டில் துளையிட வேண்டுவதில்லை.

கேமராவைப் பின்பலகையில் பொருத்தலாம் என்று யோசனை கூறியவர் நாமே. அது நம் அறியாமை. சரக்கிறக்கப் பலகையைத் திறந்து தொங்கவிட்டால் கேமரா தரையையோ வண்டியின் அடியையோ பார்க்குமன்றோ? மெக்கானிக் சிரித்துக்கொண்டே, பலகைக்குக் கீழுள்ள அசையாத குறுக்குச் சட்டத்தின் நடுவில் அதைப் பொருத்தினார்.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். கேமராவின் சிவப்புக் கம்பியை ரிவர்ஸ் விளக்கின் கம்பியோடும், கறுப்பை வர்ணம் சுரண்டிய இரும்போடும் இணைத்தார். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் விளக்கு எரியும். உடன் கேமராவும் விழிக்கும். ஆதலின் அந்த விளக்கு எரிகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளல் அவசியம். திரைக்கு வரும் மின்சாரம் ஃபியூஸ் வழியே வரவேண்டும். படம் செல்லும் கம்பியைச் சட்டத்தின் ஓரமாக இழுத்து, சைலன்ஸர், சுழலும் தண்டு, சி.என்.ஜி. குழாய் ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கட்டினார். கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் இட்டார். இல்லையேல் தகட்டின் விளிம்பு உரசிக் கம்பி அறுந்துவிடும்.

திரையில் தோன்றும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அப்படியே நம்பலாகாது. வண்டிக்குப் பின்னே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் தூரத்தில் செங்கல் வைத்து, எக்கோடு எத்தூரம் என்று அளந்துகொண்டோம். படம் பின்கண்ணாடியில் காண்பதுபோல் இடவலம் பொருந்தி வருகிறதா என்பதையும் சோதித்தோம்.

இன்னுமொன்று. டில்லியில் பழைய வண்டிகளின் ஆயுள் குறித்த ஆணைகள் 2015 முதல் பலமுறை மாறியுள்ளன. வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடலாம் என்று விசாரித்தபின் பணம் செலவிடுவதே விவேகம்.

கேமரா ஒரு கண்ணே. அது பிரேக் போடும் கால் அன்று. மார்கழிப் பனிமூட்டத்தில் அதுவும் மங்கும்; சேறு படிந்தால் குருடாகும். தினமும் துணியால் துடைக்க வேண்டும். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்து பயனென்ன?

இப்போது நம் அன்பர் புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறார். அதன்பின்பே ஏறியமர்ந்து திரையைப் பார்க்கிறார். மாடியில் அந்தப் பாட்டியம்மாள் இன்றும் நின்று பார்க்கிறார். வண்டி தெருமுனை தாண்டிய பிறகே உள்ளே செல்கிறார்.