சேகரிப்போர் பிரிந்து நிற்றல் நன்றா?

பழம்பொருள் சேர்க்கும் ஆசை சிறுவரிடத்து இயல்பாகவே உண்டு. கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியிலே தொடங்கும் அவ்வாசை, முத்திரை, நாணயம், ஏட்டுச் சுவடி என வளர்ந்து செல்லும். அத்தகைய மாணவர் கூடி அமைத்த சேகரிப்போர் கழகம் ஒன்று எங்கள் பாடசாலையிலும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அக்கழகத்தார் ஒரு விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தனர். முத்திரைக்கு ஒரு பிரிவு, நாணயத்துக்கு ஒரு பிரிவு, ஏடுகளுக்கும் பழைய கடிதங்களுக்கும் ஒரு பிரிவு எனக் கழகத்தை மூன்றாக்கித் தருதல் வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். எல்லாவற்றையும் ஒரே கூட்டத்திற் பேசுவதால் ஒன்றையும் ஆழமாகக் கற்க இயலவில்லை என்றனர். அதிபராகிய நான் அதிகம் சிந்தியாமலே இசைந்தேன். அவ்விசைவினால் விளைந்த நன்மையையும் தீமையையும் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நன்மையைக் கூறுவோம். ஒவ்வொரு பொருளும் தனக்கெனத் தனி அறிவை வேண்டி நிற்பது. யாழ்ப்பாணத்து அரசர் வெளியிட்ட செப்பு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நந்தியின் உருவமும், அதன் கீழே 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். இதனை அறியாத ஒரு மாணவன், வீட்டிலே செப்புக்குடம் துலக்குவதைக் கண்ட பழக்கத்தால், இத்தகைய நாணயம் ஒன்றைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தான். நாணயம் மின்னியது, எழுத்து மறைந்துவிட்டது. ஓலைச் சுவடிக்கோ புல்லெண்ணெய் தடவிப் பேணும் முறை உண்டு. அவ்வெண்ணெய் முத்திரையிற் பட்டால் முத்திரை கெடும். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஆம் ஆண்டு சித்திரை முதலாந் திகதி வெளிவந்தது. அதன் பெறுமதி ஆறு பென்சு. 1872 இலே பென்சுக் கணக்கு நீங்கி, ரூபா சதக் கணக்கு முத்திரைகளில் இடம்பெற்றது. இவ்வாறான செய்திகளை ஒருவன் முறையாகக் கற்கத் தொடங்கினால் ஆண்டுகள் பல செல்லும். ஆதலின், பிரிவுகள் அமைந்தபின் மாணவரின் அறிவு வளர்ந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

இனித் தீமையைக் கூறுவோம். வலிகாமத்திலுள்ள ஒரு வீட்டிலிருந்து பழைய றங்குப்பெட்டி ஒன்று எங்கள் கழகத்துக்கு அன்பளிப்பாக வந்தது. அவ்வீட்டுப் பெரியவர், யாழ்ப்பாணத்தவர் பலரைப் போல, மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலே தொழில் பார்த்தவர். அவர் தம் இல்லத்தாருக்கு எழுதிய கடிதங்கள் உறைகளோடு அப்பெட்டியில் இருந்தன. பாயும் புலி பொறித்த மலாய் நாட்டு முத்திரைகளைக் கண்டதும் எங்கள் மாணவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. 1942 ஆம் ஆண்டு மாசியிலே சிங்கப்பூர் வீழ்ந்தபின், யப்பானியர் மலாயாவிற் புழங்கவிட்ட தாள்களும் சில இருந்தன. பத்து வெள்ளித் தாளிலே வாழைமரம் வரையப்பட்டிருந்தமையால் அவற்றை 'வாழைமரக் காசு' என்று மக்கள் அழைத்தனர்.

மூன்று பிரிவினரும் அப்பெட்டியைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். முத்திரைப் பிரிவினர் உறைகளை நீரில் ஊறவைத்து, முத்திரைகளை உரித்தெடுத்துப் பெறுமதி வரிசையில் ஒட்டினர். ஈரத்தில் நைந்த உறைகள் குப்பைக்குச் சென்றன. நாணயப் பிரிவினர் தாள்களை எடுத்துக்கொண்டனர். எஞ்சிய கடிதங்கள் மூன்றாம் பிரிவினரின் அலுமாரிக்குச் சென்றன. ஒவ்வொரு பிரிவும் தன் கடமையைச் செவ்வனே செய்தது. குற்றம் எங்கே என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழிந்தபின் அப்பெரியவரின் மகள் பாடசாலைக்கு வந்தார். எண்பது வயதைக் கடந்த மூதாட்டி. யப்பானியர் ஆட்சியின்போது இலங்கைக்கும் மலாயாவுக்கும் இடையே வழமையான தபால் நின்றுபோயிற்று. மூன்றரை ஆண்டுகள் தந்தையார் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் அவ்வீடு காத்திருந்தது. போர் முடிந்தபின் ஒருநாள் கடிதம் வந்தது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று, செல்லாக் காசாகிவிட்ட வாழைமரத் தாள் ஒன்றையும் அவர் அதனுள் மடித்து அனுப்பியிருந்தார்.

"தம்பி, அப்புவின்ரை அந்த முதற் கடிதம் எந்தத் திகதியிலை போட்டது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. அம்மா சாகுமட்டும் அந்த நாளிலை கோயிலுக்கு விளக்கு வைச்சவ. எனக்கு இப்ப நாள் மறந்துபோச்சு" என்றார் அவர்.

நாங்கள் தேடினோம். கடிதங்கள் பலவற்றில் திகதி இல்லை. தபால் முத்திரை குத்திய உறையைப் பார்த்துத் திகதி அறிவது அந்நாளைய வழக்கம் போலும். 'பி.எம்.ஏ. மலாயா' என்று மேலச்சிட்ட முத்திரை ஒன்று ஏட்டில் இருந்தது. போரின்பின் மலாயாவை ஆண்ட பிரித்தானிய இராணுவ நிருவாகம், 1945 ஆம் ஆண்டு ஐப்பசி முதல் அவ்வகை முத்திரைகளை வழங்கியது. ஆயின் அதிலே விழுந்திருந்தது தபாற் குறியின் ஓர் ஓரம் மாத்திரமே. திகதி உறையோடு போயிற்று. வாழைமரத் தாள்களில் எது அக்கடிதத்தோடு வந்தது என்பதும் தெரியவில்லை. முத்திரை இருந்தது, காசு இருந்தது, கடிதமும் இருந்தது. அம்மூதாட்டி கேட்ட நாள் மாத்திரம் இல்லை. "இல்லையம்மா" என்று சொல்வதற்கு நான் பட்ட நாணம் கொஞ்சமன்று.

இது எங்கள் பாடசாலைக்கு மாத்திரம் நேர்ந்த இடர் அன்று. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலை, 1753 ஆம் ஆண்டிலே சேர் ஆன்சு சுலோன் என்பவரின் சேகரிப்பைக் கொண்டு நிறுவப்பட்டது. அதில் நூல்கள், நாணயங்கள், உலர்த்திய செடிகள் யாவும் ஒருங்கே இருந்தன. காலப்போக்கில் இடம் போதாமையால், இயற்கைப் பொருள்கள் 1881 இலே தெற்குக் கென்சிங்ரனுக்குச் சென்றன. 1973 இலே நூலகமும் தனி நிறுவனமாயிற்று. பிரிவு தவிர்க்க இயலாதது. எனினும், ஒருவர் ஒருங்கே சேர்த்தவற்றை மீண்டும் ஒருங்கே காண விரும்பும் அறிஞர் இன்று வெவ்வேறு வாயில்களைத் தட்டவேண்டியுள்ளது.

பழைய ஆவணங்களைப் பேணுவோர் இவ்விடரை முன்னரே உணர்ந்தனர். ஒரு குடும்பத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வந்த ஆவணங்களைப் பொருள்வாரியாகக் கலைத்துப் பிறவற்றோடு கலத்தலாகாது என்னும் விதியைப் பிரான்சு நாட்டினர் 1841 ஆம் ஆண்டிலே வகுத்தனர். தொல்பொருளுக்கும் இவ்விதி பொருந்தும். நம் கந்தரோடையிலே 1917 ஆம் ஆண்டளவில் போல் பீரிசு என்னும் அறிஞர் ஆராய்ச்சி நடத்தினார். அங்கே உரோம நாணயங்களும் பழைய இந்திய முத்திரை நாணயங்களும் கிடைத்தன. தனித்தனியே நோக்கின் அவை பழங்காசுகள். ஓரிடத்தே கிடைத்தவை என்று நோக்கும்போதே, பண்டைக் காலத்தில் அவ்வூர் கடல்கடந்த நாடுகளோடு கொண்ட தொடர்பு புலனாகின்றது. கிடைத்த இடம் மறைந்தால் அவ்வரலாறும் மறைந்துவிடும்.

அவ்வாறாயின் பிரிவே கூடாதோ? அதுவும் பொருந்தாது. இதற்கு வழிகாட்டியவர் நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் ஆவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய அவர், 1933 ஆம் ஆண்டிலே கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலுக்குப் பொருள், இடம், காலம் எனப் பல முகங்கள் உண்டு என்பதை அம்முறை எடுத்துக்காட்டியது. நூல் ஒரு தட்டிலேதான் இருக்கமுடியும். அதனைப் பற்றிய குறிப்போ பல இடங்களில் இருக்கலாம். நம் கேள்விக்கு விடையும் இதுவே. மனிதர் பிரியலாம், பெட்டிகளும் பிரியலாம், பதிவேடு மாத்திரம் பிரிதலாகாது.

இக்கருத்தைக் கொண்டு எங்கள் கழகத்தில் நான்கு விதிகளை அமைத்தோம். முதலாவது, எப்பொருள் வந்தாலும் அதனைத் தொடுமுன் ஒரே பதிவேட்டில் இலக்கமிட்டு, யார் தந்தது, எங்கிருந்தது, எவற்றோடு வந்தது என்பவற்றை எழுதுதல். இரண்டாவது, முத்திரையை உறையினின்று உரியாமை. முத்திரை வல்லுநரும் உறையோடு கூடிய முத்திரையையே பெரிதும் போற்றுவர். மூன்றாவது, பேணுதற்பொருட்டு ஒன்றை வேறிடத்தில் வைக்க நேர்ந்தால், அதிருந்த இடத்தில் இலக்கத்தோடு ஒரு துண்டை வைத்தல். நான்காவது, மூன்று பிரிவினரும் மாதம் ஒருமுறை ஒருங்கே கூடுதல்.

நான்காம் விதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. முத்திரைப் பிரிவில் முப்பது மாணவர் சேர்ந்தனர். ஏட்டுப் பிரிவில் இருவரே இருந்தனர். தனித்து விட்டால் அப்பிரிவு அடுத்த ஆண்டில் இராது. பொதுக்கூட்டத்தில் அவ்விருவரும் ஓர் ஏட்டை வாசித்துப் பொருள் கூறியபோது, முத்திரை சேர்ப்போருள் நால்வர் அவர்பாற் சென்றனர். சிறிய துறை பெரிய துறையின் நிழலிலே வளரும். அவ்வளர்ச்சிக்கு ஒரு பொது முற்றம் வேண்டும்.

நேயர்களே! 1981 ஆம் ஆண்டு வைகாசி இறுதி இரவிலே மூட்டப்பட்ட தீயில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பெட்டி பேழைகள் பல பின்னே கிடந்தன. நெருப்புக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி வந்த றங்குப்பெட்டி ஒன்றை நாங்கள் நல்லெண்ணத்தோடு, நீர்ச்சட்டியில் இட்டு அழித்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி இருத்தல் கூடும். அதனைப் பிரிக்குமுன் ஒரு தாளை எடுத்து, உள்ளிருப்பவற்றை இருந்தவாறே எழுதி வையுங்கள். பிரிப்பதற்கு நாள் இருக்கின்றது. பிரித்ததை மீண்டும் சேர்ப்பதற்கு எழுத்தொன்றே துணை.