ஆவணி அழைப்பும் விதைக் காசும்

கரிசல் காட்டில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு ஆவணி மாதம் எப்படிப்பட்டதென்று தெரியும்! ஆடி முடிந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வரும். வீட்டிலோ புரட்டாசி விதைப்புக்கு எடுத்து வைத்த பணம் மட்டுமே இருக்கும். விளைச்சல் காசாவது தை, மாசியில்தானே!

மூன்று வருடங்களுக்கு முன், நாகலாபுரத்தில் என்னோடு படித்த தோழிக்குக் கல்யாணம். பரிசம், நலங்கு எல்லாம் முன்பு உறவுக்குள்ளேயே முடிந்துவிடும். இப்போது தோழிகளுக்கென்று தனியாக மெஹந்தி, கோவில்பட்டி ஓட்டலில் விருந்து, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை! சேலைக்கு 1,500, பரிசுப் பங்கு 1,000, ஓட்டலுக்கு 600, பஸ்ஸும் ஆட்டோவும் 300. ஆக 3,400 ரூபாய். தாலி ஏறும் முன்பே விதைக் காசில் கை வைத்தாயிற்று.

மழை விழுந்ததும் உளுந்து விதை வாங்க அவர் பணம் கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கம்மலை அடகு வைத்துத்தான் விதைத்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மொய் செய்தால் நோட்டில் ஏறும். நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். விருந்துச் செலவு எந்த நோட்டில் ஏறும், சொல்லுங்கள்?

போன ஆவணியில் இன்னொரு தோழிக்குக் கல்யாணம். இந்தத் தடவை வெட்கப்படாமல் முன்னதாகவே சொல்லிவிட்டேன். "புதுச் சேலையும் ஓட்டலும் என்னால முடியாதுடி. மருதாணி அரைச்சுக் கொண்டாரேன்."

அவள் சிரித்தாள். "ஏட்டி, இதுக்கா இம்புட்டு யோசிச்சே? நீ வந்தாப் போதும்!"

மற்றவர்களுக்கும் பாரம் இறங்கிற்று. அவரவர் பெட்டியில் இருந்த மஞ்சள் சேலையையே கட்டிக்கொண்டோம். கல்யாண வீட்டுத் திண்ணையிலேயே கூடினோம். பரிசை ஐந்து பேர் சேர்ந்து வாங்கினோம்.

மருதாணி இலைதான் நல்லது, சகோதரிகளே. உடனே கறுப்பாகப் பிடிக்கும் சில கூம்புகளில் தலைச் சாயத்துக்கான ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்புளித்துவிடும். குழந்தைகள் கையில் வைக்கவே வேண்டாம்.

இப்போது மாசி முதல் ஆடி வரை மாதம் 300 ரூபாய் தனி டப்பாவில் போடுகிறேன். ஆறு மாதத்தில் 1,800 சேரும். முதலில் மொய், மிச்சத்தில்தான் மற்றதெல்லாம். டப்பா காலியானால், "வேலைக்கு வாரேன், விருந்துக்கு இல்லே" என்று சொல்லிவிடுவேன்.

நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன். உண்மைத் தோழி கோபிக்க மாட்டாள்!