கண்ணாடி பவர் பார்த்தால் போதுமா?

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் "கண் பரிசோதனை செய்துகொண்டீர்களா?" என்று கேட்டால், "போன மாதம்தான் பவர் பார்த்து கண்ணாடி மாற்றினேன்" என்று பலர் சொல்வார்கள். பவர் பார்ப்பது, ஒளி சரியாகக் குவிகிறதா என்று அறியும் சோதனை. சர்க்கரை நோய் கெடுப்பதோ, அந்த ஒளி போய் விழும் விழித்திரையை. எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடுமாறாமல் வாசிப்பவரின் விழித்திரையிலும் ரத்தக்கசிவு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க விழித்திரையையே படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால், விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வலுவிழக்கும். முதலில் ஆங்காங்கே சிறிதாகப் புடைக்கும். பிறகு ரத்தமும் கொழுப்பு கலந்த நீரும் கசியும். ஓரப்பகுதியில் கசிந்தால் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. கூர்மையான பார்வைக்குரிய மையப் பகுதியான மாக்குலாவில் நீர் கோத்த பிறகே எழுத்து கலங்கும், நேர்கோடு நெளியும்.

சில குழாய்கள் அடைத்துக்கொண்டால், ரத்தம் கிடைக்காத விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை எளிதில் உடைபவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவி, கரும்புள்ளிகளும் நூலாம்படை போன்ற நிழல்களும் திடீரென மிதக்கும். சிலருக்கு முதல் அறிகுறியே இதுதான்.

என்னென்ன படங்கள்?

ஃபண்டஸ் போட்டோ: விழித்திரையின் வண்ணப் படம். புடைப்பு, ரத்தத் திட்டு, மஞ்சள் படிவு எல்லாம் இதில் தெரியும். சில நிமிட வேலைதான். பாவை சிறியதாக இருந்தாலோ கண்புரை இருந்தாலோ படம் தெளிவாக வராது. அப்போது சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள்.

ஓ.சி.டி. ஸ்கேன்: 1991-இல் உலகுக்கு அறிமுகமான முறை. ஒளிக்கதிரைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும். மையப் பகுதியின் இயல்பான தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். நீர் கோத்து அது எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை மைக்ரான் கணக்கில் அளந்து சொல்லும்.

ஆஞ்சியோகிராம்: கை நரம்பில் ஃபுளோரசின் என்ற சாயத்தை ஏற்றி எடுக்கும் தொடர் படங்கள். எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்பது தெரியும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. சிலருக்குக் குமட்டல் வரும். சிறுநீர் ஒரு நாள் அடர்மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வாமையோ கர்ப்பமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சாயம் இல்லாமலே குழாய்களைக் காட்டும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராமும் இப்போது உண்டு.

படம் பார்த்தே சிகிச்சை

ஆரம்பக் கசிவு என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்துக் கண்காணிப்பார்கள். மாக்குலாவில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். அடுத்த ஊசி தேவையா, எப்போது என்பதை ஓ.சி.டி.யில் வீக்கம் வற்றியிருக்கும் அளவைப் பார்த்தே முடிவு செய்வார்கள். அதனால் ஊசி போட்டதும் பார்வை தெளிந்துவிட்டது என்று மறு ஸ்கேனுக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. புதுக் குழாய்கள் முளைத்திருந்தால் லேசர் அல்லது ஊசி. ரத்தம் வடியாமல் நின்றாலோ விழித்திரை இழுபட்டாலோ அறுவை சிகிச்சை. லேசரின் நோக்கம் இருக்கும் பார்வையைக் காப்பது. போன பார்வையை அது மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கேமரா நம்மைத் தேடி வந்தால்?

ஃபண்டஸ் போட்டோ எடுக்கக் கண் மருத்துவர் உடனிருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் எடுத்து அனுப்பினால் போதும். இங்கிலாந்தில் 2003 முதல், 12 வயது நிரம்பிய சர்க்கரை நோயாளிகளை அரசே அழைத்துப் படம் எடுக்கிறது. அங்கும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக் காரணங்களில், ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாகச் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு முதலிடத்திலிருந்து இறங்கியதாக 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களில் இந்தப் பரிசோதனையும் ஒன்று.

படத்தைக் கணினியே படிக்கும் முறையும் வந்துவிட்டது. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் சுமார் 1.28 லட்சம் படங்களைக் கொண்டு ஒரு நிரலைப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் அடங்கும். இத்தகைய நிரல்கள் யாரைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்லும். சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவர்தான்.

எப்போது போக வேண்டும்?

• டைப் 2 என்றால் நோய் கண்டறிந்த உடனே. அது பல ஆண்டுகள் மறைந்திருந்துதான் தெரியவருகிறது.
• டைப் 1 என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள்.
• ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள்.
• பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.
• கட்டுக்கடங்காத சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் சிகிச்சை தொடங்கும் முன்பும். அப்போது விழித்திரைப் பாதிப்பு சில காலம் கூடக்கூடும்.

சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ளவை மங்கலாகத் தெரியும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் அழைத்துச் செல்லுங்கள். திடீரெனப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பாதிப்பு எந்த நிலையில் இருக்கிறது? மாக்குலாவில் வீக்கம் உண்டா? அடுத்த படம் எப்போது? படத்தின் நகலையும் வாங்கி, சர்க்கரை அளவு எழுதும் கோப்பிலேயே வையுங்கள். நோய் நின்றிருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்பது சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிடும்போதுதான் மருத்துவருக்குத் தெளிவாகும்.