உங்களுக்குத் தெரியுமா? குறை குமிழில் அல்ல, வயரில்

யாழ்ப்பாணத் தெருக்களில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் முன்விளக்கு மங்கினால் பலர் முதலில் மாற்றுவது மின்குமிழைத்தான். பெரும்பாலும் குறை வயரில் இருக்கிறது. இழைக் குமிழுக்கு வந்துசேரும் வோல்ற்றளவு 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறையும். பழைய கார்களில் விளக்கின் மின்னோட்டம் முழுவதும் சுவிச்சுக்கூடாகவே போகிறது. மெல்லிய வயரும் களிம்பேறிய இணைப்புகளும் அந்த 10 வீதத்தை இலகுவில் விழுங்கிவிடும். பற்றரியிலிருந்து பியூஸ், றிலே வழியாகத் தடித்த வயர் இழுத்து, எர்த் இணைப்பையும் சுரண்டித் துப்புரவாக்கினால் அதே குமிழ் பளிச்சென்று எரியும்.

எல்.ஈ.டி. குமிழ் போட்டால் வேலை சுலபம், மின்சாரமும் மிச்சம் என்பார்கள். பழைய டைனமோவுக்கு அது ஆறுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த விளக்கின் கிண்ணமும் கண்ணாடியும் இழை எரியும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீற்றர் விலகினாலே கற்றை சிதறி, எதிரே வருபவரின் கண்ணுக்குள் பாயும். இருபுறமும் கடல் கிடக்கும் பண்ணைப் பாலத்தில் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தச் சில நொடிக் கூச்சம் உயிர்ப் பிரச்சினை. இன்னொன்று: வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கென வார்த்த முன்விளக்குக் கண்ணாடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இங்கே உதவாது; அதன் தாழ்கற்றை நம் எதிர்த்திசைக்கே சாயும்.