எங்கட வீட்டுக்குக் கீழயும் பூமி அசையும்

1992 ஏப்ரல் 13, விடியக்காலை 3:20 மணி. நெதர்லாந்தின் ரூர்மொண்ட் நகருக்குப் பக்கத்தில் 5.4 அளவில் நிலம் நடுங்கியது. ஆஹெனிலிருந்து 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஹைன்ஸ்பெர்க் பக்கம் வீடுகள் சேதமாகின. கொலோன் பேராலயத்தின் உச்சியிலிருந்து அலங்காரக் கல்லொன்று விழுந்தது.

துருக்கி, ஜப்பான் செய்திகளைப் பார்த்துவிட்டு "இங்கயும் வருமா அப்பா?" எண்டு பிள்ளைகள் கேட்டால், "சீச்சீ, இங்க வராது" எண்டு நாங்கள் கெதியாச் சொல்லிவிடுகிறோம். சரியான பதில்: "வரும், ஆனால் பெரிசா வாறது அரிது."

பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாக உடைந்திருக்கிறது. அவை வருஷத்துக்குச் சில சென்ரிமீட்டர், நகம் வளர்கிற வேகத்தில் நகர்கின்றன. தட்டுகள் உரசுகிற ஓரங்களில்தான் அதிகம் நடுங்கும். உலகின் பெரிய நிலநடுக்கங்களில் நூற்றுக்குச் சுமார் 80, பசிபிக் கடலைச் சுற்றி ஏற்படுகின்றன: சிலி, அலாஸ்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ். அடுத்த வரிசை இந்தோனேசியாவில் தொடங்கி, இமயமலை, ஈரான், துருக்கி, இத்தாலி வழியாக அத்திலாந்திக் வரை போகிறது.

ஆஹென் அப்படியான ஓரத்தில் இல்லை. ஆனால் கீழ் ரைன் பகுதியில் நிலம் மெதுவாக இழுபட்டு, பிளவுகளின் வழியே இறங்கிக்கொண்டிருக்கிறது. 1756இல் பக்கத்து டூரனில் பெரிய நிலநடுக்கம் வந்ததும் இதனால்தான். எலிசென்புறுன்னனில் மூக்கைப் பொத்துகிற பிள்ளைக்கு ஒன்று சொல்லலாம்: மழைத்தண்ணி ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, பாறைப் பிளவுகள் வழியாகத் திரும்பி வருவதுதான் அந்த வெந்நீர்.

எங்கட குடும்பங்களுக்கு நிலநடுக்கம் எண்டால் 2004 டிசம்பர் 26தான். சுமத்ராவுக்கு அருகே 9.1. அளவு ஒன்று கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் அது ரூர்மொண்டைப்போல மூன்று லட்சம் மடங்குக்கும் மேல். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த முல்லைத்தீவுக்கும் மட்டக்களப்புக்கும் நாகப்பட்டினத்துக்கும் அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஆனால் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல, இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பு இல்லை. இப்போது இருக்கிறது. ஆனாலும் பிள்ளைக்குத் தெரியவேண்டியது தெரிந்திருக்கவேணும்.

வீட்டில் நில அதிர்வு வந்தால்: படிக்கட்டால் இறங்கி ஓடாமல், உறுதியான மேசைக்குக் கீழே புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளவேணும். கண்ணாடிக்குக் கிட்ட நிக்கக்கூடாது. பிள்ளைகளின் அறையில் உயரமான அலுமாரி இருந்தால், இந்தக் கிழமையே சுவரோடு திருகாணியால் பொருத்திவிடுங்கோ.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகமுன் கடற்கரை விதியையும் சொல்லிக்குடுங்கோ. நிலம் பலமாகவோ கனநேரமோ ஆடினாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும் ஏறினாலும் மேட்டுக்குப் போகவேணும். படம் எடுக்க நிக்கக்கூடாது. முதல் அலை வடிந்தவுடன் திரும்பக்கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம். 2004இல் பலருக்கு அந்த இரண்டாவது அலைதான் எமனாக வந்தது.